மாப்பிள்ளைக்கு வேர்க்கக் கூடாது

என் கல்யாணத்துக்கு நான் பஸ் ஏறியே போயிருக்கலாம். அப்போது ஒக்கலிபுரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கல்யாணம் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்துக் கோயிலில். காலையில் எழுந்து குளித்து, கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு பஸ்ஸைப் பிடித்திருந்தால் வியர்க்காமல் விறுவிறுக்காமல் கோயில் வாசலில் போய் இறங்கியிருப்பேன். ஆனால் அப்படி வந்தால் ஆபீஸுக்குப் போகிற மாதிரி இருக்குமே தவிர, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்காது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அதனால் முன்கூட்டியே லீவு போட்டு, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். பெண் வீட்டார் அங்கே வந்து என்னை மறுபடியும் பெங்களூருக்கே அழைத்துப் போவதற்காக.

இந்த ஏற்பாட்டுக்குச் சொந்தக்காரர் என் மாமனார். கன்டோன்மென்ட்டில் மேஜை, நாற்காலி, கட்டில் செய்து விற்கிற கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். ஒரு விஷயத்தை முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துவிட்டால் அது நடக்காமல் போனாலும் போகலாம், முறை தப்பக் கூடாது என்று நினைக்கிற ரகம். மாப்பிள்ளையை அவருடைய ஊரிலிருந்து, அவருடைய சனத்தோடு, தன் சொந்த வண்டியில் அழைத்து வர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசையில் பாதி மாப்பிள்ளைக்கு, பாதி வண்டிக்கு.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டிகளில் ஒன்று அது. முன்னால் ஓட்டுகிறவரோடு இன்னும் இருவர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. லாரி என்று சொன்னால் மாமனாருக்குக் கோபம் வரும். பிக்கப் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் இருந்த பெட்ரோல் எஞ்சின் குடித்த குடியைத் தாங்க முடியாமல் அதைக் கழற்றிவிட்டு, யானைக்குட்டி கனமுள்ள ஒரு டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார். எஞ்சின் மாறியதே ஒழிய ரேடியேட்டர் பழையதே. பெங்களூர்க் குளிருக்குள்ளேயே மரம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவரை அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. பெங்களூர்க்காரர்களைப் போலவே அந்த வண்டியும், வெயில் என்றால் என்ன என்று தெரியாமலேயே தன்னை ரொம்பத் திடகாத்திரமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அப்பாவின் கடையில் உட்கார்ந்து ஆர்டர் எடுக்கிற பெண் என்பதால் பேசக் கூச்சப்படவில்லை. காபியை நீட்டியபடியே, "ஆபீஸுக்கு நேரத்துக்குப் போவீங்களா?" என்றாள். வேலை நிலைக்குமா என்று சோதிக்கிறாள் என நினைத்து, "பஸ் வந்தா போவேன்" என்றேன். சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருடம் முன்பு அவளுக்கு ஓர் இடத்தில் நிச்சயமாகி, நாளும் வந்து, வெள்ளைப் பட்டு கட்டி, தலையில் வலைத்துணி போட்டு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். மாப்பிள்ளை கோயிலுக்கு வந்ததும் பெண்ணை அழைத்துப் போவதுதான் வழக்கம். அந்த மாப்பிள்ளை வரவே இல்லை. மணி பன்னிரண்டு தாண்டிய பிறகு யாரோ வந்து வாசலில் நின்று மெதுவான குரலில் சேதி சொன்னார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன் மிகவும் கண்ணியமான இடம். யாரும் அவளிடம் நேரில் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வருடமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். என் கல்யாணத்தில் யாருக்காவது ஏதாவது நஷ்டம் வருவதாக இருந்தது என்றால் அது அவளுக்குத்தான். நான் தாமதமாகப் போனால் எனக்குத் திட்டு கிடைக்கும். அவளுக்கு அந்தக் கூடம் மறுபடி கிடைக்கும்.

பங்குச் சாமியாரும் கறாரானவர். பத்தரைக்குப் பூசை, ஏதாவது தாமதமானால் பொறுத்துக்கொள்வேன், ஆனால் பன்னிரண்டு அடித்த பிறகு பூசை தொடங்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். மாலைப் பூசை என்பதே அந்தக் காலத்தில் கிடையாது.

வண்டியை ஓட்டி வந்தவர் பெண்ணின் அண்ணன், என் மச்சான். முந்தின நாளே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். பிக்கப்புக்குப் பின்னால் மரம் ஏற்றுகிற டிரெய்லரைக் கோத்து, அதன் மேல் வளைவாகக் கீற்றுக் கூரை போட்டு, பெஞ்சு போட்டு, ஓரமெல்லாம் மாவிலைத் தோரணம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பெண்கள் டிரெய்லரில், ஆண்கள் பின்தட்டில், மாப்பிள்ளை முன்னால். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் புறப்பட்டு மேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பது மச்சானின் திட்டம். எங்கள் அக்காவைத் தெரியாமல் போட்ட திட்டம்.

அக்கா எனக்குத் தாய் மாதிரி. அவளை மீறி எங்கள் வீட்டில் அடுப்புகூட எரியாது. அன்று திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகுகாலம். நாங்கள் ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகிறது, ராகுகாலத்தில் எங்களுக்கு நம்பிக்கை கிடையாது. "நம்பிக்கை இல்லதான், அதுக்காக எதுக்குப் போய் மோதணும்?" என்பது அக்காவின் நிலை. ஏழரைக்குள் புறப்பட்டாக வேண்டும், ஆனால் சாமான் ஏற்றி முடியவில்லை. என்ன செய்தார்கள் என்றால், வண்டியை வாசலிலிருந்து புளியமரம் வரை ஓட்டி நிறுத்தினார்கள். புறப்பட்டாகிவிட்டது. பிறகு நிதானமாக, புளியமரத்தடிக்கே சாமானைத் தூக்கி வந்து ஏற்றினார்கள். எட்டு மணி தாண்டிவிட்டது. மச்சான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாமான் என்பது பெரும்பாலும் மாம்பழம். மே மாதத்தில் எங்கள் பக்கத்திலிருந்து சம்பந்தி வீட்டுக்கு மாம்பழம் இல்லாமல் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது. இரண்டு கூடை என்று மச்சானிடம் சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டு கூடை தட்டிலே எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. தெரியாத கூடைகள் டிரெய்லரில் பெஞ்சுகளுக்கு அடியில், சேலைகளுக்குப் பின்னால் இருந்தன. டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டைகள் கனத்தில் வளைந்து நிற்பதை மச்சான் பார்த்தார். சம்பந்தி வீட்டாரிடம் "என்ன இவ்வளவு கனம்?" என்று கேட்கலாமா? கேட்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். பூசையில் நற்கருணை வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் எதுவும் சாப்பிடக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது அன்றைய சட்டம். ஓரிரு வருடத்தில் தண்ணீர் குடிக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து அனுமதி வந்துவிட்டது. அந்த நல்ல புத்தி எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்று நான் இன்றைக்கும் கேட்பேன். என் மனைவி சிலுவை போட்டுக்கொண்டு முறைப்பாள். ஆக, நாங்கள் அத்தனை பேரும் நாக்கு ஒட்டிக்கொள்ள, பழுத்த மாம்பழ வாசனையின் மேல் உட்கார்ந்துகொண்டு, கத்திரி வெயிலில் புறப்பட்டோம்.

நான் சாம்பல் நிறக் கம்பளி சூட்டில் இருந்தேன். பெங்களூர்த் தையல்காரர் பெங்களூரை நினைத்துத் தைத்தது.

சமதரையில் வண்டி நன்றாகத்தான் வந்தது. சூளகிரிப் பக்கம் மேடு ஆரம்பித்ததும் எஞ்சினின் குரல் மாறியது. பின்னால் இழுவை, முன்னால் ஏற்றம், முதுகுப் பக்கமிருந்து அனல் காற்று. காற்று எதிரே வந்தாலாவது ரேடியேட்டருக்குள் நுழையும். அதுவும் எங்களோடு சேர்ந்தே பெங்களூருக்கு வந்துகொண்டிருந்தது. சூட்டைக் காட்டுகிற முள் மெல்ல நகர்ந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. மச்சான் ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தார். குக்குக் குக்கென்று உள்ளே ஏதோ இருமியது. கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் தளர்த்தியதும் வெள்ளையாக ஆவி கிளம்பியது.

நான் இறங்கப் போனேன். "நீங்க எறங்காதீங்க மாப்ளே. ஷூ மண்ணாயிடும்" என்றார்.

அதன்பிறகு எங்கள் பயணம் கொஞ்சம் ஓடுவதும் நிறைய நிற்பதுமாக ஆனது. மச்சான் தெரிந்ததையெல்லாம் செய்தார். பானெட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றித் தட்டில் போட்டார். ரேடியேட்டர் மேல் ஈரச் சாக்கை விரித்து, பிறகு அதுவே காற்றை மறைக்கிறது என்று எடுத்தார். அவசரப்படாமல் சின்ன கியரிலேயே உருட்டினார். மேடு செங்குத்தான இடங்களில் ஆண்களெல்லாம் இறங்கி நடந்தார்கள். நடந்தவர்கள் வண்டியைத் தாண்டிப் போய், மேலே மர நிழலில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். சித்தப்பா ஒருவர் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன். அவர்களில் யாராவது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தால் சீக்கிரம் சேர்ந்திருப்பேன்.

கொண்டுவந்த தகர டின்களில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ரோட்டோரக் கிணறு ஒன்றில் ஒரு அம்மா நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் கையைக் கூப்பி, "அம்மா, சொல்ப நீரு கொடம்மா, வண்டிக்கு" என்றார். அவள் தமிழிலேயே, "வண்டிக்கு என்னா, மனுசருக்கும் குடுக்கறேன்" என்று டின்னை நிரப்பிக் கொடுத்தாள். பிறகு ஒரு செம்பில் மொண்டு, டிரெய்லரில் சோர்ந்து உட்கார்ந்திருந்த அக்காவிடம் நீட்டினாள். அக்கா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அடுத்த பெண்ணிடம் நீட்டினாள். அவளும் வேண்டாம் என்றாள். எல்லோர் உதடும் வெடித்துக் கிடக்கிறது, ஒருத்திகூட வாங்கவில்லை.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. செம்பைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "வண்டி குடிக்கலாம், நீங்க குடிக்கக் கூடாதா? நாங்க தொட்ட தண்ணி ஆவாதா?" என்றாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடைகளை மறைத்தபடி அத்தனை நேரம் அசையாமல் இருந்தவள், சேலையைத் தூக்கிக்கொண்டு டிரெய்லரிலிருந்து குதித்தாள். "ஐயோ தாயீ, அந்தப் பாவத்த எங்க தலைல போடாத. நாங்க சாமிக்கு விரதம். பூச முடியிற வரைக்கும் எச்சிகூட முழுங்கக் கூடாது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கணவன் சொல்லியும் கேட்காத, மச்சான் பார்வையாலேயே கெஞ்சியும் மசியாத என் அக்கா, பெஞ்சுக்கு அடியிலிருந்து கூடைகளை ஒவ்வொன்றாக இழுத்து அந்த அம்மாவின் கிணற்றடியில் வைத்தாள். கூடை வந்துகொண்டே இருந்தது. மச்சான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ இருந்திச்சா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். உண்மைதான். அந்த அம்மா கடைசியில் சிரித்து, வண்டிக்கு இன்னும் ஒரு டின் ஊற்றினாள்.

கனம் குறைந்த தெம்பில் கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது. ஓசூர் நெருங்கும்போது முள் மறுபடி சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. மச்சான் நிறுத்தினார். என் கைக்கடிகாரத்தில் பதினொன்றுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. இப்படியே நின்று நின்று போனால் பன்னிரண்டுக்குள் ரிச்சர்ட்ஸ் டவுன் சேர வழியே இல்லை. அந்நேரம் எனக்கு அந்தக் கூடம் கண்ணில் வந்தது. நான் ஒருமுறைதான் அதில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். அவள் அதே மூலையில், அதே வெள்ளைப் பட்டில் உட்கார்ந்திருப்பாள். வாசலில் யாரோ வந்து குரலைத் தாழ்த்துவார்கள்.

மச்சான் ஸ்டீரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, "பேஜாரா போச்சி. அத மட்டும் போட முடிஞ்சா..." என்று முனகினார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எதப் போட முடிஞ்சா?"

"ஒண்ணுமில்ல மாப்ளே."

அவர் கண் போன இடத்தை நான் பார்த்துவிட்டேன். என் முழங்காலுக்கு எதிரே, முள் இருந்த முன்தகட்டின் கீழே ஒரு சின்னக் கைப்பிடி. காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததுதான். மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்த எழுத்து தேய்ந்துபோயிருந்தது. "இதுவா?" என்றேன்.

வேறு வழியில்லாமல் சொன்னார். அது ஹீட்டர். எங்கோ பனி பெய்கிற தேசத்துக்கென்று செய்த வண்டி. எஞ்சினில் கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு இந்தப் பெட்டிக்குள் வந்து சுற்றும், ஒரு சின்ன விசிறி அந்தச் சூட்டை உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மேல் தள்ளும். டிசம்பர் காலையில் மரம் எடுக்கப் போகும்போது தங்கச்சிதான் போடுவாள்.

"சூடு இந்தப் பக்கம் வந்துட்டா எஞ்சினுக்குப் பாரம் கொறையும் இல்ல?"

"கொறையும். சின்ன ரேடியேட்டர் ஒண்ணு கூட வெச்ச மாதிரி."

"அப்ப ஏன் போடல?"

அவர் என் கோட்டைப் பார்த்தார். "டாடி சொல்லி அனுப்பிச்சாரு. மாப்பிள்ளைக்கு வேர்க்கக் கூடாது, வேர்த்து எறங்கினா உன்ன வண்டியிலேர்ந்தே எறக்கிடுவேன்னு. நீங்க நம்ம வீட்டு மொத மாப்பிள்ள. உங்கள உக்கார வெச்சி நெருப்பு போட முடியுமா?"

காலையிலிருந்து எங்களை ஊர் ஊராக நிறுத்தி வைத்தது எஞ்சின் இல்லை, மரியாதைதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சம்பந்திக்கு மரியாதை என்று எங்கள் அக்கா பாரத்தை ஏற்றினாள். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று மாமனார் சூட்டை எஞ்சினுக்குள் பூட்டி வைத்தார். நடுவில் ஒரு பெண் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தாள். "போடுங்க மச்சான்" என்றேன். முடியவே முடியாது என்றார். நான் குனிந்து கைப்பிடியை நானே இழுத்துவிட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தூசியும் எண்ணெய் வாடையுமாக ஒரு காற்று என் முழங்காலைத் தடவியது. பிறகு அது தடவுவதை நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தது. வெளியே கத்திரி, உள்ளே ஹீட்டர், என் மேல் கம்பளி. அடுப்பங்கரையில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. கோட்டைக் கழற்றப் போனேன். மச்சான் பதறி, "கழட்டாதீங்க மாப்ளே. சட்டை நனைஞ்சது கோட்டுக்குள்ள இருந்தா டாடிக்குத் தெரியாது" என்றார். அவர் மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு ஓட்டினார். அவருக்கு யாரும் மரியாதை செய்யவில்லையே.

ஆனால் முள் இறங்கியது. நாங்கள் இருவரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தோம். சிவப்பை விட்டு ஒரு மயிரிழை, பிறகு இன்னொரு மயிரிழை. மேடு வந்தால் ஏறும், சமதரை வந்தால் இறங்கும், ஆனால் கொதிக்கவில்லை. அத்திப்பள்ளி வந்தது, போனது. இன்று எலெக்ட்ரானிக் சிட்டி என்று கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கிற இடம் அன்று வெறும் காடும் கேழ்வரகு வயலும். அங்கே வரும்போதுதான் பெங்களூர்க் காற்று முதன்முதலாக எதிரே வந்து முகத்தில் பட்டது. பின்தட்டில் இருந்தவர்கள் 'ஆஹா' என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கழுத்தில் வழிந்த வியர்வை முதுகு வழியாக இறங்கி ஷூவுக்குள் சேர்ந்திருந்தது. மச்சான் செய்த மரியாதையில் அந்த ஷூவில் மண் மட்டும் ஒட்டவில்லை.

கோயில் வளாகத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டு அடிக்க ஐந்தாறு நிமிஷம் இருந்தது. சாமியார் பூசை உடுப்போடு வாசல்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி நடந்தார். மாமனார் ஓடி வந்தார். முதலில் அவர் கை பானெட்டைத் தொட்டுப் பார்த்தது. "பரவாயில்லையே, சூடே இல்ல" என்று பெருமையோடு சொன்னார். அப்புறம்தான் நான் இறங்கினேன். மீசையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கோட்டின் தோள்களில் உப்புக் கோடு வெள்ளையாக விழுந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் மகனைப் பார்த்தார். மச்சான் அவசரமாகப் போய் டிரெய்லரின் கொக்கியை ஆராய ஆரம்பித்தார்.

பெண் எங்கே என்று தேடினேன். வீட்டுக்குச் சேதி அனுப்பி அழைத்துவர நேரம் இருக்கிறதா என்று எனக்குப் பதற்றம். அக்கா என் முகத்தை முந்தானையால் துடைத்தபடி உள்ளே கைகாட்டினாள். பெண் கோயிலுக்குள், முதல் பெஞ்சில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே வந்துவிட்டாளாம். மாப்பிள்ளை வருமுன் பெண் போகக் கூடாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். "வந்தா வரட்டும். வரலேன்னா எல்லார் முன்னாடியும் வராம இருக்கட்டும். வாசல்ல வந்து யாரும் எனக்குச் சேதி சொல்ல வேணாம்" என்றாளாம். கோயில் நிறைய ஜனம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அத்தனை தலையும் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது. அவள் தலை மட்டும் திரும்பவே இல்லையாம். கதவைப் பார்த்து ஒருமுறை ஏமாந்தவள்.

நான் நடந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். என் மேலிருந்து வியர்வையும் டீசலும் மாம்பழமும் கலந்து ஒரு வாசனை வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். சாமியார் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். அவள் பீடத்தையே பார்த்தபடி, உதடு அசையாமல் கேட்டாள்.

"ஹீட்டர் போட்டாங்களா?"

"ம்."

"எங்க அண்ணனா?"

"இல்ல. நான்."

அவள் வலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அதே தாழ்ந்த குரலில் சொன்னாள். "நேத்தே அண்ணன்கிட்ட சொன்னேன், வேர்த்தா வேர்க்கட்டும், போடுன்னு. டாடிக்குப் பயந்து போட மாட்டான்னு தெரியும்." பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சேர்த்தாள். "அப்ப நீங்களாதான் வந்திருக்கீங்க."

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். நனைந்த மீசையை, உப்புக் கோட்டை, எல்லாவற்றையும் பார்த்தாள். கண்ணில் நீர் தளும்ப, வலைத்துணிக்குள் சத்தமில்லாமல் சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது. அன்று என் முகத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

சாமியார் பக்கத்தைக் கண்டுபிடித்து, இவளை ஏற்றுக்கொள்ள முழு மனதோடு வந்திருக்கிறாயா என்று என்னைக் கேட்டார். ஆம் என்றேன். அந்தக் கைப்பிடியை இழுத்ததையும் சேர்த்தால், அன்று நான் அதைச் சொன்னது இரண்டாவது முறை.